சாப்பாட்டுக்கு முன் அடிப்பதில்லை

ஈப்போவில் எங்கள் வீட்டிலிருந்து கோலாலம்பூருக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அந்தக் கோலாலம்பூரில் ஒரு மேசையில் உட்கார்ந்து சீட்டு ஆடும் உரிமையைச் சம்பாதிப்பதற்காக நான் கடல் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போனேன். இதை என் மனைவி லெட்சுமியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பக்கத்துல போறதுக்கு உலகத்தைச் சுத்தணும்னு எந்தக் கோயில்ல வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

நான் ஆடுவது காசு வைத்து ஆடும் சீட்டு அல்ல. மிருகங்களும் மந்திரங்களும் படமாக அச்சடித்த அட்டைகள். கடையில் வாங்கி, நண்பர்களிடம் மாற்றி, நூறு அட்டைகளில் ஆளுக்கொரு கட்டு தயார் செய்துகொண்டு, நான்கு பேர் ஒரு மேசையில் உட்கார்வோம். ஆளுக்கு நாற்பது உயிர். மிருகங்களை இறக்கி ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டும். உயிர் தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசியாக உட்கார்ந்திருப்பவர் ஜெயித்தவர். என் மகள் இதை 'அப்பாவின் பொம்மை அட்டை' என்பாள். திருத்துவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

கோலாலம்பூர் இறுதிப் போட்டிக்கு எங்கள் நாட்டில் நடந்த தகுதிச் சுற்றுகள் அத்தனையிலும் ஆடித் தோற்றிருந்தேன். மிச்சமிருந்தது கோயம்புத்தூர் சுற்றுதான். எந்த ஊர்க்காரரும் கலந்துகொள்ளலாம், ஜெயிக்கும் ஒரே ஆளுக்கு ஓர் இடம். எனக்கு ஐம்பத்தொரு வயது. பகலெல்லாம் கண்ணாடிக்கடையில் அடுத்தவர் கண்ணைச் சோதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கிறேன். முதுகு வலிக்கிறது. இதுதான் கடைசி என்று லெட்சுமிக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். ஒரே ஒரு போட்டியில் முதலாவதாக வந்துவிட்டு நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் எதிரி யார் என்று தெரியும். நான்கு பேர் ஆடும்போது அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டமே. முதலில் பெரிய மிருகத்தை இறக்குகிறவன் மேல் மற்ற மூன்று பேரும் பாய்வார்கள். அதனால் என் வழி, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது. சின்ன மிருகம் ஒன்றிரண்டு, கொஞ்சம் தடுப்பு, முகத்தில் ஒரு பாவமான களை. மற்றவர்கள் அடித்துக்கொண்டு ஓயட்டும் என்று காத்திருப்பேன். இந்த வித்தையில் நான் தேறிவிட்டேன். இரண்டாவதாக வருவதிலும் தேறிவிட்டேன்.

கோவை விமான நிலைய வாசலில் சிவசாமி நின்றிருந்தார். சில வருடங்களாகக் கணினித் திரையில் இவரோடு ஆடுகிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். காரமடைப் பக்கம் வீடு, பாக்குத் தோட்டம். பம்பு செட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் பட்டறை ஒன்றும் வைத்திருக்கிறார். என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டவர் ஊர் வந்து சேரும்வரை அதைத் திருப்பித் தரவில்லை.

"ஓட்டலுக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, அதையெல்லாம் மறந்துருங்க. நம்மூடு இருக்கறப்ப ஒறம்பரை ஓட்டல்ல தங்குனா ஊருல என்னைய என்னன்னு நெனப்பாங்க?"

ஒறம்பரை என்றால் விருந்தாளி. அந்தச் சொல்லை அடுத்த சில நாட்களில் நான் கேட்ட அளவுக்கு என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

சிவசாமியின் மனைவி சுமதி அரிசிம்பருப்புச் சோறு வைத்திருந்தார். அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்துக் குழையாமல் வேகவைத்து, மேலே நெய். எங்கள் ஊரில் தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோறு சாப்பிட்டுப் பழகிய நாக்கு முதல் கவளத்தில் கொஞ்சம் திகைத்தது, மூன்றாவது கவளத்தில் சரணடைந்தது. "விமானத்துலேயே பசியாறிட்டேன்" என்று நான் சொன்னதைக் கேட்டு சுமதிக்குச் சிரிப்பு. "பசியாறிட்டீங்களா! கேக்கவே நல்லா இருக்குதுங்க. செரி, இப்ப இன்னொருக்கா ஆறுங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தார். வேண்டாம் என்றேன். அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் அர்த்தம் கிடையாது.

சாயங்காலம் சிவசாமியின் நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நால்வராக உட்கார்ந்தோம். ஐயோ சாமி, அப்படி ஓர் ஆட்டத்தை நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் பேரங்காடி மாடியில் ஆடுவோம். பேச்சே இருக்காது. மூன்று பேரும் கைப்பேசியைப் பார்த்தபடியே என்னை முடித்துவிட்டு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கப் போய்விடுவார்கள். இங்கே ஒவ்வோர் அடிக்கும் அனுமதி கேட்கிறார்கள். "ஏனுங்க, உங்கள ஒரு அஞ்சு அடிச்சுக்கட்டுங்களா? கோவிச்சுக்காதீங்க." அடி வாங்குகிறவர், "பரவால்லீங்க, அடிங்க, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்கிறார். இதெல்லாம் அவர்களுக்குள்தான். என்னை ஒருவரும் தொடவில்லை.

நான் தந்திரம் என்று நினைத்தேன். கொழுக்கவைத்து அடிக்கப் போகிறார்கள் என்று தடுப்பு மேல் தடுப்பாக அடுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. சிவசாமியின் நண்பர் ஒருவருக்கு உயிர் இரண்டுதான் மிச்சம். ஒரு தட்டு தட்டினால் எழுந்துவிடுவார். யாரும் தட்டவில்லை. உள்ளேயிருந்து சுமதி சாப்பிடக் கூப்பிட்டதும் அட்டைகளை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் முதல் வேலையாக அந்த மனிதரை முடித்தார்கள்.

"இது என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

"பழக்கமுங்க" என்றார் சிவசாமி. "சோத்துக்கு முன்னாடி ஒருத்தரை எந்திரிக்க வெச்சுட்டா, நாம ஆடி முடிக்கற மட்டும் அவரு பசியோட உக்காந்திருக்கோணும், இல்லீன்னா தனியா சாப்புடோணும். ரெண்டுமே நல்லா இருக்காதுங்களே. அதனால சாப்பாட்டுக்கு முன்னாடி யாரையும் முடிக்கறதில்லீங்க."

"போட்டியிலும் இப்படித்தானா?"

"போட்டிக்குச் சட்டம் வேறதானுங்க" என்று தலையைச் சொறிந்தார். "ஆனா கை வராதுங்க."

மறுநாள் பட்டறையில் இரும்பு உருக்கி ஊற்றும் நாள், சிவசாமி நகர முடியாது. என்னை வெள்ளகோவிலுக்குப் போய்வரச் சொன்னார். "அங்க மெர்சின்னு ஒரு அம்மணி இருக்குதுங்க. மருத்துவமனையில ரத்தப் பரிசோதனை பண்ற வேலை. இந்தச் சுத்துவட்டத்துல அது மாதிரி அடிக்கற ஆளு இல்லீங்க. கடைசி மேசைக்கு எப்படியும் வந்துரும். ஒருக்கா ஆடிப் பாத்துட்டு வந்துருங்க." தானும் ஆடப்போகும் போட்டிக்கு எனக்கு இப்படித் துப்புக் கொடுத்து அனுப்பினார் மனிதர். எங்கள் ஊரில் இதைச் செய்தால் பைத்தியம் என்பார்கள்.

சிங்காநல்லூரில் கரூர் பேருந்தில் ஏறினேன். கண்டக்டரிடம் வெள்ளகோவில் என்று அழுத்திச் சொல்லிச் சீட்டு வாங்கினேன். சன்னலோரம் இடம், வெயில், காற்று, உள்ளே அரிசிம்பருப்பு. காங்கேயம் வந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அடுத்து கண்ணைத் திறந்தபோது வெளியே ஒரு பலகையில் தென்னிலை என்று எழுதியிருந்தது. கண்டக்டர் என் பக்கத்தில் வருத்தமாக நின்றார்.

"வெள்ளகோவில் எப்பங்க வரும்?"

"அது போயி நொம்ப நேரமாச்சுங்களே."

"எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்பத்தானுங்க வந்தேன். அசந்து தூங்கிட்டு இருந்தீங்க. மூஞ்சியப் பாத்தா அத்தனை களைப்பு. மனசு வல்லீங்க, உட்டுப்போட்டேன்."

கத்த வேண்டும் என்று தோன்றியது. முடியவில்லை. அவரே என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, எதிர்ப் பக்கம் வந்த பேருந்தை விசிலடித்து நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம், "வெளியூருக்காரருங்க, வெள்ளகோவில்ல பாத்து எறக்கி உடுங்க, தூங்க உட்டுறாதீங்க" என்று ஒப்படைத்தார். இந்த ஊரின் மரியாதை ஆளைக் கொல்லாது, ஆனால் போகிற இடத்துக்குப் போய்ச் சேரவும் விடாது என்று புலம்பிக்கொண்டே போனேன்.

மெர்சி முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருப்பார். கணினி மையம் ஒன்றின் மாடியில் அவர்கள் ஆடும் மேசை. எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் தாமதமானதற்குக் காரணம் சொன்னதும் மெர்சி சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. ஆட்டம் ஆரம்பித்து, அடிக்கும்படியாக முதல் மிருகம் அவர் கைக்கு வந்தது. அனுமதி ஒன்றும் கேட்கவில்லை. நேராக என்னை அடித்தார்.

ஆலைக்காரர்கள் இரண்டு பேரும் பதறிவிட்டார்கள். "ஏனுங்க அம்மணி, ஒறம்பரையப் போயி மொதல்லயே..."

"ஆடத்தான வந்திருக்காரு?" என்றார் மெர்சி. அடுத்த சுற்றிலும் என்னைத்தான் அடித்தார். என் பாவமான முகம் அவரிடம் செல்லுபடியாகவில்லை. சீக்கிரமே எழுந்தேன்.

ஆட்டம் முடிந்து தேநீர்க்கடையில் நின்றோம். முட்டை போண்டா சுடச்சுட இருந்தது. என்னை ஏன் குறிவைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதானுங்க ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தீங்க. ஒண்ணும் பண்ணாம இருக்கறவங்கதான் கடைசியில எல்லாம் பண்ணுவாங்க." போண்டாவை ஊதி ஊதிக் கடித்தார். "அப்புறம் இன்னொண்ணுங்க. நான் மொதமொதல்ல கோயமுத்தூரு மேசைக்குப் போனப்ப ஒருத்தரும் என்னைய அடிக்கலீங்க. வாங்க வாங்கன்னாங்க, நாக்காலி போட்டாங்க, டீ குடுத்தாங்க. நான் யாருன்னு, எங்கப்பா யாரு தோட்டத்துல மண்வெட்டி புடிச்சாருன்னு அவங்களுக்குத் தெரியும். மரியாதைக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா அவங்களுக்குள்ள அடிச்சுக்குவாங்க, அவங்களுக்குள்ள ராசியாவாங்க. எங்கூட ஒரு ஒப்பந்தம் பேச மாட்டாங்க. மூணு மாசம் அப்படியே உக்காந்திருந்தேன். அடிக்காம உடறதும் ஒதுக்கறதுதானுங்க."

"அப்புறம்?"

"நானே போயி அடிச்சேன். சிவசாமி அண்ணனத்தான் மொதல்ல. அன்னைக்கு இருந்து நானும் மேசையில ஒரு ஆளுங்க." சிரித்தார். "நீங்க அவ்வளவு தூரத்துல இருந்து வந்து சும்மா உக்காந்துட்டுப் போகக் கூடாதுன்னுதான் அடிச்சேன். கோவமா?"

"உடம்பு அசதி. கோவப்படவும் தெம்பு இல்ல" என்றேன். உண்மையில் கோபமாகத்தான் இருந்தது. அவர் மேல் இல்லை.

போட்டி கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வேறு இடம் கிடைக்கவில்லையாம். மறுநாள் முகூர்த்தத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற ஒரு பெரியவர் என்னையும் மாப்பிள்ளை வீட்டார் கணக்கில் சேர்த்துக் கும்பிட்டார். மண்டபத்தோடு சமையல்காரரும் உண்டு என்பதால் போட்டியாளர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு. சாம்பார் கொதிக்கும் வாசனையில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து அட்டைகளைக் கலைத்தோம்.

முதல் இரண்டு மேசைகளை எப்படிக் கடந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மலேசியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், சிவசாமி வீட்டு ஒறம்பரை என்ற செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு மேசையில் ஒருவர் என்னை அடிக்கக் கையைத் தூக்கிவிட்டு, "ஐப்போல மழையெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து ஆளை அடித்தார். அவர் ஈப்போ என்று சொல்லப் பழகுவதற்குள் நான் ஜெயித்துவிட்டேன். இரண்டாவது மேசையிலும் அப்படியே. ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துகொண்டிருந்தது, ஒன்றிலும் ருசி இல்லை. ஆனாலும் கடைசி மேசைக்கு வந்துவிட்டேனே என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் துள்ளல்.

கடைசி மேசையில் நான், சிவசாமி, மெர்சி, நான்காவதாக ஆனைமலையிலிருந்து வந்த கார்த்தி என்ற தேங்காய் வியாபாரி. மெர்சி வழக்கம்போல முதல் அடியை எனக்குக் கொடுத்தார். அடுத்த அடியும் எனக்கே. கார்த்தி, "பாவமுங்க அவரு" என்றார். மெர்சி நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் தேய்ந்துகொண்டே போனேன். இதற்கிடையில் சிவசாமி நிதானமாகப் பெரிய பெரிய மிருகங்களாக இறக்கி ஒரு படையே சேர்த்துவிட்டார். மத்தியானம் நெருங்கும்போது என் உயிர் நான்கு. சிவசாமியின் முறை. அவருடைய படையில் கால்வாசி வந்தாலே நான் எழுந்துவிட வேண்டியதுதான்.

என்னை முடிப்பதுதான் சரி. ஏனென்றால் என் கட்டில் ஓர் அட்டை உண்டு. அது வந்தால் மேசையில் இருக்கும் எல்லா மிருகங்களும், யாருடையதாக இருந்தாலும், ஒரே துடைப்பில் போய்விடும். சிவசாமிக்கு அது தெரியும்; பல வாரம் திரையில் அதனிடம் தோற்றிருக்கிறார். நான் எழுந்துவிட்டால் அவருக்கு இருந்த ஒரே ஆபத்தும் போய்விடும். கோலாலம்பூர் அவருடையது.

சிவசாமி என்னைப் பார்த்தார். கீழே பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டது. அவர் கை ஒரு தடவை முன்னால் வந்து, பின்னால் போனது. கார்த்தியைப் பேருக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சாப்புட்டுட்டு வந்து பாத்துக்கலாமுங்க" என்றார். மெர்சியும் தன் முறையில் என்னைத் தொடாமல், புதிதாக ஒன்றும் இறக்காமல், எதற்கோ காத்திருப்பவர்போலக் கையிலிருந்த அட்டைகளை அடுக்கிக்கொண்டார். கார்த்தியும் தன் முறையை முடித்தார். அடுத்து அட்டை எடுக்க வேண்டியவன் நான். நடுவர் சாப்பாட்டுக்கு இடைவேளை சொன்னார்.

பந்தியில் சிவசாமி உட்காரவே இல்லை. பரிமாறுகிறவரிடமிருந்து வாளியை வாங்கி எனக்குத் தானே ரசம் ஊற்றினார். "ஒப்புட்டு இன்னொண்ணு வெச்சுக்குங்க" என்று பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்த போளியை இலையில் போட்டார். அவர் எனக்குக் கொடுத்தது ஓர் உயிர். அதை என் இலையில் ஒப்புட்டோடு சேர்த்து வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டார்.

எதிர் வரிசையில் மெர்சி. மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அண்ணன் உங்கள உட்டது எனக்கு ஆச்சரியம் இல்லீங்க. அவரு அப்படித்தான். நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான் யோசிச்சுட்டு இருக்கேன்."

"என் கையில் ஒன்றும் இல்லையே."

"வந்துச்சுன்னா?"

அவர் இலையை மடித்தார். "சோத்துக்குப் பதிலா ஆட்டத்தைத் தூக்கிக் குடுத்துறாதீங்க. அப்புறம் நான் யாருகூட ஆடறதுங்க?"

மேலே போய் உட்கார்ந்தோம். கட்டின் மேலிருந்த அட்டையை எடுத்தேன். வந்துவிட்டது. வரக்கூடாது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்துக்கொண்டே எடுத்தேன், வந்துவிட்டது.

இப்போது நிலைமை இதுதான். நான் அந்த அட்டையைப் போடாவிட்டால் சிவசாமி அடுத்த முறையில் என்னை முடித்து, அப்படியே ஜெயிப்பார். போட்டால் அவருடைய படை மொத்தமும் காலி. ஆனால் லாபம் எனக்குப் பெரிதாக இல்லை. நான்கு உயிரோடு, கையில் ஒரே ஒரு மிருகத்தோடு நான் ஜெயிக்க வேண்டுமானால் அதிர்ஷ்டம் என் மடியில் வந்து உட்கார வேண்டும். உண்மையான லாபம், கை நிறைய அட்டைகளை இறக்காமல் வைத்திருக்கும் மெர்சிக்கு. பேசாமல் இருந்தால் சோறு போட்டவர் ஜெயிப்பார். போட்டால் அநேகமாக என்னை அடித்தவர் ஜெயிப்பார். இந்த ஆட்டத்தில் நான் மிகவும் வெறுப்பது, தான் ஜெயிக்க முடியாதவன் அடுத்து யார் ஜெயிப்பது என்று முடிவு செய்யும் இந்த இடத்தைத்தான்.

சிவசாமி என் முகத்தைப் பார்க்காமல் தன் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர். பயந்துபோய் இருந்தார் என்று அவர் காதோரத்து வியர்வை சொன்னது.

நூற்றில் ஒரு பங்கு என்றாலும் என் பங்கு என்று ஒன்று இருந்தது. அதற்காகத்தானே வந்தேன்? இருபது வருடமாக மேசையில் ஒளிந்துகொண்டே இருந்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் சோற்றுக்கு நன்றியாக இன்னொரு தடவை ஒளிந்துகொள்வதா? சீ என்று வந்தது. அட்டையைப் போட்டேன்.

மேசை துடைத்துவிட்டதுபோல ஆனது. கார்த்தி, "அடக் கடவுளே" என்றார். சிவசாமி ஒவ்வொரு மிருகமாக எடுத்து, விளிம்பு தட்டிச் சீராக்கி, ஓரத்தில் அடுக்கினார். அடுக்கி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நடந்தது சீக்கிரம் நடந்துவிட்டது. மெர்சி கையிலிருந்ததை இறக்கினார். முதலில் என்னை, அடுத்து கார்த்தியை, கடைசியாகச் சிவசாமியை முடித்தார். அதிர்ஷ்டம் என் மடிக்கு வரவே இல்லை.

மெர்சி எழுந்து நின்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சிவசாமிதான் முதலில் போய், "நல்லா ஆடுனீங்க அம்மணி, மலேசியா போயிட்டு வாங்க" என்றார். நான் மெர்சியிடம், கோலாலம்பூர் வரும்போது எங்கள் வீட்டில் தங்க வேண்டும் என்றேன். "வாரேனுங்க. நீங்களும் நல்லாத்தான் ஆடுனீங்க, கடைசியில" என்றார். அந்தக் 'கடைசியில' நன்றாக உறைத்தது.

காரமடைக்குத் திரும்பும் வழி முழுக்க சிவசாமி பேசவில்லை. வீட்டில் சுமதி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். சிவசாமி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர எதுவும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் விமான நிலையத்துக்கு அவரே கொண்டுவந்து விட்டார். சுமதி கட்டிக்கொடுத்த இட்லியும், ஒரு டப்பா நிறைய நிலக்கடலைச் சட்னியும் கையில். அட்டைகளைப் பிரிந்திருக்கப் பயந்து நான் எப்போதும் கைப்பை ஒன்றோடுதான் பயணம் செய்வேன். வாசல் காவலர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "சட்னியெல்லாம் கையில கொண்டுபோக உடமாட்டாங்க சார்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதற்கென்று தெரியவில்லை. சட்னிக்காக மட்டும் இல்லை.

"அதுக்கென்னங்க, இங்கயே உக்காந்து சாப்புட்டுப்போட்டுப் போங்க" என்றார் சிவசாமி. வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு கல் திண்டில் உட்கார்ந்தோம். அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"சாப்புட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"வயிறு நெறஞ்சுதுங்களா?"

"நிறைஞ்சுது."

டப்பாவை வாங்கி மூடிப் பைக்குள் வைத்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்றனுங்க. எனக்கு உங்க மேல நொம்பக் கோவம். நேத்து மத்தியானத்துல இருந்து. அந்த எடத்துக்காக எத்தனை வருசமா ஆடறேன்னு உங்களுக்குத் தெரியும். நான் உங்கள உட்டேன். நீங்க என்னையத் தொடச்சுப்போட்டீங்க."

"தெரியும்" என்றேன்.

"தப்புன்னு சொல்ல வல்லீங்க. நானா இருந்தாலும் அதையத்தான் போட்டிருப்பேன். ஆனா கோவம் கோவந்தானுங்க." மூச்சு வாங்கினார். "அடுத்த தடவை வாங்க. நம்மூட்டுலதான் தங்கோணும், சுமதி சமைக்கறதத்தான் சாப்புடோணும், அதுல மாத்தம் இல்லீங்க. ஆனா மேசையில உக்காந்தீங்கன்னா மொத அடி உங்களுக்குத்தான். ஒறம்பரைன்னெல்லாம் பாக்க மாட்டேன். சோத்துக்கு முன்னாடியே எந்திரிக்க வெச்சுருவேன். தனியா உக்காந்து தின்னுங்க."

அடித்துவிட்டார். பசியோடு அடிக்கக் கூடாது என்று ஒரு ராத்திரி முழுக்கப் பொறுத்திருந்து, வயிறு நிறைந்ததைக் கேட்டு உறுதி செய்துகொண்டு அடித்தார். உடம்பில் இத்தனை நாள் அசதியும் அப்படியேதான் இருந்தது, முதுகு வலித்தது, தோற்றுப்போய் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆனாலும் எந்த மேசையிலும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"வருவீங்களா, மாட்டீங்களா?" என்று அதட்டினார்.

இதுதான் கடைசி என்று லெட்சுமிக்குச் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது.

"வர்றேங்க" என்றேன்.

லெட்சுமியிடம் சொல்லிக்கொள்ளலாம். அவள் சாப்பிட்ட பிறகு.